குளியலறைச் செருப்பு

புதிதாகப் பேய் தேடக் கிளம்புகிறவர்கள் முதலில் வாங்க வேண்டியது நல்ல டார்ச் லைட், ஐயா. பேயைப் பார்க்க இல்லை. மேசைக்காலில் இடித்துக்கொள்ளாமல் இருக்க. கடைக்கு வருகிற எல்லோரிடமும் இதைத்தான் சொல்வேன். அப்புறம் குரல் பதிய ஒரு ரெக்கார்டர். கடைசியாக மீட்டர். பக்கத்தில் மின்சார ஓட்டம் இருந்தால் அது கத்தும். ஆவி நடமாடினாலும் கத்தும் என்று அட்டைப்பெட்டியில் போட்டிருக்கிறது. பெட்டியை அச்சடித்தது நான்தான்.

அதற்கு முன் நான் வயர்மேன். "பின்பக்கமா வாப்பா" என்பார்கள். ஒரு வீட்டிலும் உட்காரச் சொன்னதில்லை. 'ஆவியியல் ஆலோசகர்' என்று பலகை மாட்டினேன். அதே மாதிரி வீடுகளில் சோபா கிடைத்தது. யாரையும் குறை சொல்லவில்லை. பலகைக்கு அப்படி ஒரு சக்தி.

அந்தத் தையற்காரர், மனைவி இறந்த துக்கத்தோடு கடைக்கு வந்தார். ஒரு வார்த்தை சொல்லாமல் தூக்கத்திலேயே போய்விட்டாளாம். பெரிய கேமராவில் கை வைத்தார். ஆரம்பத்திலேயே அதெல்லாம் எதற்கு, மீட்டர் போதும் என்று நானே தடுத்தேன். நான் பேராசைக்காரன் இல்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்த வாரமே ஓடி வந்தார். குளியலறைச் சுவரில் மீட்டர் கத்துகிறதாம். காலையில், ஹீட்டர் போடும்போது மட்டும்.

"அவ குளிக்கிற நேரம் சார் அது. கை வச்சா லேசா சுருக்குங்குது. தொடுறா சார்."

மறுநாள் காலையில் போய்ப் பார்த்துவிட்டு வந்து சோபாவில் உட்கார்ந்தேன். டீ வந்தது. அவர் மகள் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"ஹீட்டர்லதான் ஏதோ கோளாறுப்பா. ஒரு எலக்ட்ரீசியனக் கூப்பிடலாம்."

அவர் அவளைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். "நீங்களே சொல்லுங்க சார்."

அவள் சொன்னதுதான் சரி என்றால் நான் மறுபடி பின்பக்கமாகத்தான் வர வேண்டும். டீ பாதிதான் குடித்திருந்தேன். என்னால் என்ன செய்ய முடியும்? எலக்ட்ரீசியன் வந்து சுவரை நோண்டினால் அம்மா போய்விடுவார்கள் என்றேன். மகள் உள்ளே போய்விட்டாள்.

அப்புறம் தினமும் போன். தொடுவது லேசாகத்தான் இருக்கிறது, இன்னும் கொஞ்சம் தெரிய வழி இல்லையா என்று கெஞ்சுவார். வேறு கருவி ஏதாவது தலையில் கட்டியிருக்கலாம், மனசு வரவில்லை. செலவில்லாத யோசனை ஒன்று சொன்னேன்.

"அம்மாவப் பாக்க செருப்போடயா போறீங்க? கழட்டிட்டுப் போங்க. குளிச்சுட்டு ஈரக் கையோட தொடுங்க."

"இது எனக்குத் தோணவே இல்ல பாருங்க" என்று சிரித்தார். அவர் சிரித்து நான் கேட்டது அன்றுதான்.

குளியலறைக் கதவை உடைத்துத்தான் உடலை எடுத்தார்களாம். முகம் அமைதியாக இருந்தது என்று எல்லோரிடமும் சொல்லி வருகிறேன். நான் போய்ப் பார்க்கவில்லை.

மீட்டரில் ஒரு பழுதும் இல்லை, ஐயா. அது அவர் மனைவிதான் என்று நானும் மனதார நம்பினேன், அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். அவர் வீட்டுக்குப் போன அன்று டெஸ்டரை எடுத்துச் சுவரில் வைத்தது வெறும் பழக்கதோஷம். அதில் விளக்கு எரிந்தது. அந்த அம்மாளைக் கையெடுத்துக் கும்பிட்டேன். அதற்குப் பிறகுதான் சுவரைத் தொட்டேன், குளியலறை வாசலில் கிடந்த தையற்காரரின் ரப்பர் செருப்பைக் காலில் மாட்டிக்கொண்டு.