இண்டைக்கே நிமிரவேணும்

மெதுவாப் பிள்ளை, அதிலதான். அந்த எலும்புக்குப் பக்கத்திலதான் கொழுவிக்கொண்டு நிக்குது. காலமை தொடக்கம் நிமிர ஏலாது. நாரந்தனையில இருந்து இந்த வாசிகசாலை மட்டும் சைக்கிளை உருட்டிக்கொண்டுதான் வந்தனான், ஏறி ஓட ஏலேல்லை. நேற்று ஓட்டோவில ஒலிபெருக்கி கட்டிச் சொல்லிக்கொண்டு போனவங்கள், கனடாவில இருந்து முள்ளந்தண்டு பாக்கிற பிள்ளை வந்திருக்கு, குளிசை இல்லை, ஊசி இல்லை, கையாலதான் வைத்தியம் எண்டு. கைரோ எண்டு என்னவோ பேர் சொன்னாங்கள். கையால செய்யிறபடியால்தான் கைரோ எண்டு நினைச்சன். அதுதானோ அர்த்தம்? பாத்தியளே. மூண்டாம் வகுப்போட விட்டனான், எண்டாலும் மண்டை வேலை செய்யுது.

ஓம், விளங்குது. முள்ளந்தண்டுக்குள்ளால நரம்பு போகுது, பொருத்து இறுகினா நோகும், நீங்கள் அமத்தி இளக்கி விட்டா உடம்பு தானாத் தேறும். சத்தம் கேட்டாப் பயப்பிட வேண்டாம், எலும்பு முறியிறேல்லை, உள்ளுக்க காத்துத்தான் வெடிக்கிறது. நல்லது, வெடிக்க வையுங்கோ. இண்டைக்கே நிமித்தி விட்டாக் காணும். ஒரு பாரம் தூக்கவேணும்.

பெரிய பாரமில்லை. நாப்பத்தஞ்சு கிலோ வரும். என்னெண்டு பிறகு சொல்லுறன்.

தோட்டம்தான் வேலை. புகையிலை, வெங்காயம். இந்த நோ தோட்டத்தால வந்ததில்லை, தண்ணியால வந்தது. வலக்கையில வாளி தூக்குறனான் எண்டு எப்பிடிக் கண்டுபிடிச்சனீங்கள்? தோள் பதிஞ்சு போச்சோ. பதியாதோ பின்ன, இருபத்திரண்டு வரியமாக் கோயிலடிக் கிணத்தில இருந்தெல்லே காவுறன்.

வீட்டுக் கிணறோ? இருக்கு. அப்பு வெட்டின நல்ல தண்ணிக் கிணறு. எனக்கும் என்ர தம்பிக்கும் பாதிப் பாதிப் பங்கு, உறுதியில எழுதிக் கிடக்கு. தம்பிஐயா எண்டு பேர். வளவு பிரிக்கேக்க கிணறு அவன்ர வேலிக்குள்ள போச்சுது. ஒருநாள் என்ர மனிசி அள்ளிப்போட்டு வர, அள்ளின தண்ணியை நிலத்தில ஊத்திப்போட்டு வாளியைக் கவிட்டு வச்சவன். அண்டைக்கே சொன்னன், அவன்ர தண்ணியும் வேண்டாம், முகமும் வேண்டாம் எண்டு. பிறகு ரெண்டு மூண்டு தரம் வந்து நிண்டவன்தான், அண்ணை, படலை திறந்து கிடக்கு, அள்ளுங்கோவன் எண்டு. நான் திரும்பியும் பாக்கேல்லை.

சிரியுங்கோ. பத்தடி தள்ளித் தண்ணி இருக்க அரைக் கட்டை தூரம் காவினவனைக் கண்டாச் சிரிப்பு வரும்தான்.

என்ன, எக்ஸ்ரே படம் எடுக்காமல் கை வைக்க மாட்டியளோ? வயசுக்கு எலும்பு தேஞ்சிருக்குமோ? ஆறு கிழமை வந்து போகவேணுமோ? பிள்ளை, எனக்கு ஆறு மணித்தியாலமும் இல்லை. ஒருக்கா அமத்தி விடுங்கோ, ஒரே ஒருக்கா. குனிஞ்சு தூக்கிக் கட்டில்ல கிடத்தினாப் போதும். பிறகு என்ர முதுகு முறிஞ்சாலும் உங்களைக் குறை சொல்லமாட்டன். வேணுமெண்டாக் கைநாட்டு வச்சுத் தாறன்.

பாரம் என்னவோ? இராசமணி. என்ர மனிசி. நாப்பத்தஞ்சு எண்டது போன மாசம் கிளினிக்கில நிறுத்தது. காலமை குசினிக்குள்ள விழுந்திட்டா. இடுப்போ என்னவோ, அசைய ஏலாது. தூக்கப் பாத்துத்தான் எனக்கும் பழைய நோ இப்பிடிக் கொழுவினது. தலைக்குத் தலகணி வச்சு, கையெட்டுற தூரத்தில செம்பில தண்ணியும் வச்சிட்டுத்தான் வந்தனான்.

ஏழு மணி இருக்கும். இப்ப பத்தரையோ.

அம்புலன்சுக்கு அடிக்கிறியளோ, அடியுங்கோ. அயலில ஆரும் இல்லையோ? ஒரு பக்கம் பூட்டின வீடு, சனம் லண்டனில. மற்றப் பக்கம் அவன். ஓம், நிண்டவன். முத்தத்தில விறகு கொத்தின சத்தம் குசினிக்குள்ள கேட்டது. நான் கூப்பிடேல்லை. அவள்தான் கூப்பிட வெளிக்கிட்டவள், தம்பிஐயா எண்டு.

இந்தக் கையாலதான் வாயைப் பொத்தினனான்.