குளிர் குறைந்தால் வருவார்கள்

எனக்கு ஏசி ஒத்துக்கொள்ளாது, ஐயா. கொஞ்ச நேரம் உட்கார்ந்தாலே மூக்கு அடைத்துக்கொள்ளும், மறுநாள் முழுக்கத் தும்மல். அதனால் எனக்காக நீங்கள் அதைப் போட வேண்டாம், ஜன்னல் திறந்திருந்தால் போதும். இப்படிப்பட்டவன் இரண்டு ஏசியைத் தூக்கிக்கொண்டு போய் ஒரு பஸ்ஸின் கூரையில் பொருத்தினேன் என்றால், அது யாருக்காக என்று உங்களுக்கே புரியும்.

பஸ் பணிமனையில் பிரேக் பகுதியில்தான் என் உத்தியோகம் முழுக்க ஓடியது. மனைவி போன பிறகு வீட்டில் நானும் மகளும்தான். அவளுக்குக் கல்யாணம் ஆனதும் மாப்பிள்ளை எங்கள் வீட்டோடே வந்து தங்கினார். பள்ளிக்கூடச் சுவர்களில் படம் வரைவது அவர் தொழில். மகள் கோடு போட்டுக் கொடுப்பாள், அவர் வண்ணம் அடிப்பார். நல்ல பிள்ளை. நான் கை நனைக்காமல் அவர் சாப்பிட உட்கார்ந்ததில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவர்மேல் எனக்கு ஏதோ கோபம் இருந்தது என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது.

வேலைக்காக ஊர் ஊராக அலைந்து, வாடகைக்கு இடம் தேடி அலுத்துப்போய், ஓடித் தேய்ந்த பஸ் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தார்கள். இருக்கைகளைக் கழற்றிவிட்டுக் கட்டில் போட்டார்கள், அடுப்பு வைத்தார்கள், குழந்தை பிறந்ததும் தொட்டிலும் வந்தது. வீட்டில் அந்தப் பஸ்ஸுக்குப் ‘பெரியவர்’ என்று பெயர். “பெரியவருக்கு இன்னைக்கு மூச்சு வாங்குது” என்பாள் மகள். நான் பக்கத்தில் இருந்தால், “உங்கப்பாவையா சொல்ற?” என்று மாப்பிள்ளை கேட்பார். மூன்று பேரும் சிரிப்போம்.

பிரேக்கை நான் புதிதாகவே செய்து கொடுத்தேன். சக்கர டிரம், அதை உரசி நிறுத்தும் லைனிங், காற்றுக்குழாய் எதையும் விடவில்லை. சக்கரத்துக்குப் பின்னால் ஒரு திருகு உண்டு, ஐயா. லைனிங் தேயத் தேய அதை இறுக்கிக்கொண்டே வர வேண்டும். இறுக்கி முடித்ததும் திருகின் மேலும் பக்கத்து இரும்பின் மேலும் சேர்த்து ஒரே கோடாகப் பெயிண்ட் வைப்பது என் வழக்கம். கோடு உடைந்திருந்தால் திருகு நகர்ந்திருக்கிறது என்று அர்த்தம். மாப்பிள்ளை தன் மஞ்சள் பெயிண்டில் ஒரு டப்பா கொடுத்தார், மெல்லிய தூரிகை ஒன்றும் கொடுத்தார். “வண்டி எடுக்கறதுக்கு முன்னாடி அடியில படுத்து இந்தக் கோட்டை மட்டும் பாத்துடுங்க மாப்பிள்ளை. மத்ததை நான் பாத்துக்கறேன்” என்றேன். அவர் ஒரு தடவைகூடத் தவறியதில்லை. சட்டையெல்லாம் அழுக்கு என்று மகள்தான் திட்டுவாள்.

முதல் தடவை அவர்கள் கிளம்பிப் போனதும் வீடு வெறிச்சோடிவிட்டது. கொடியில் குழந்தையின் துணி ஒன்று விட்டுப்போயிருந்தது. அதை மடித்து வைத்தேன், பிறகு எடுத்து மறுபடி மடித்தேன். எனக்கு அழுகை வந்தது. ஆனால் மகளிடம் சொல்லவில்லை. சொன்னால் போகாமல் நின்றுவிடுவாள். பிள்ளைகளின் பிழைப்பைக் கெடுத்தவன் என்ற பெயர் எனக்கு வேண்டாம் என்றிருந்தேன்.

சீக்கிரமே திரும்பி வந்தார்கள். ஏசியில் குளிர் வரவில்லையாம், குழந்தைக்கு வேர்க்குரு வந்து ஒரே அழுகையாம். ஓர் இணைப்பில் உண்மையாகவே கேஸ் கசிந்திருந்தது. அரை மணி நேரத்து வேலை. நான் ஒரு வாரம் இழுத்தேன். அவர்கள் மறுபடி கிளம்பும் நாளில், கேஸ் ஏற்றும் வால்வின் ஊசியை ஸ்க்ரூடிரைவரால் கொஞ்சம் அழுத்திப் பிடித்தேன். ஸ்ஸ் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். வேர்க்குருவுக்குப் பவுடர் இருக்கிறது. குளிர் குறைந்தால் வருவார்கள் என்று நினைத்தேன். வந்தார்கள். ஒவ்வொரு தடவையும் வந்தார்கள்.

பிறகு வேறோர் ஊரில் ஒரு மெக்கானிக் பார்த்துவிட்டு, “இதுல கசிவே இல்லீங்க. யாரோ வால்வை அமுக்கி விட்டிருக்காங்க” என்று சொல்லிவிட்டார். மாப்பிள்ளை அதை என்னிடமே வந்து சொன்னார். “நாம யாருக்கு மாமா என்ன கெடுதல் பண்ணோம்?”

“காலம் கெட்டுக் கிடக்கு மாப்பிள்ளை” என்றேன்.

வால்வுக்குப் பூட்டு மூடி போட வேண்டும் என்றார். நானே வாங்கி வந்து நானே பூட்டினேன். சாவியை அவர் என்னிடமே கொடுத்து வைத்தார்.

அதற்கப்புறம்தான் ஒரு மலை ஊரிலிருந்து வேலை வந்தது. பெரிய பள்ளிக்கூடம், சுவர் சுவராக வேலை, பஸ்ஸை நிறுத்திக்கொள்ள இடம், குழந்தை வளர்ந்தால் அங்கேயே படிக்கலாம். “அங்க ஏசியே வேண்டாம் மாமா, ஜன்னலைத் திறந்தா போதும்” என்று சந்தோஷமாகச் சொன்னார். என்னிடம் இருந்த சாவிக்கு அன்றோடு வேலையில்லாமல் போய்விட்டது. “நீங்களும் எங்ககூட வந்துடுங்க” என்றும் சொன்னார். அதை மறைக்க மாட்டேன். ஏதோ பேச்சுக்குச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். பஸ்ஸின் பின்பக்கம் புதிதாக ஒரு கட்டில் போட்டு, அதற்கு நேர் மேலே ஏசிக் காற்று வரும் துவாரத்தைப் பலகை வைத்து அவர் அடைத்திருந்ததைப் பார்த்தேன். அங்கே யார் படுப்பது என்று கேட்கவில்லை. மகள் பிறகுதான் சொன்னாள்.

கிளம்புவதற்கு முந்தைய நாள் மத்தியானம் மூவரும் கடைக்குப் போயிருந்தார்கள். நான் பஸ்ஸுக்கு அடியில் படுத்து எல்லாச் சக்கரத்தின் திருகையும் தளர்த்தினேன். பிரேக் மந்தமாக இருந்தால் மாப்பிள்ளைக்குப் பயம் வரும், ஊர் எல்லையைத் தாண்டுவதற்குள் திருப்பிக்கொண்டு வந்துவிடுவார், நான் நிதானமாக வேலை பார்ப்பேன், அதற்குள் அந்தப் பள்ளிக்கூடம் வேறு ஆளை வைத்துக்கொள்ளும். இதுதான் என் யோசனை.

நீங்கள் வண்டி தெரிந்தவர், அதனால் நானே சொல்லிவிடுகிறேன். ஏர் பிரேக்கில் அப்படிப் பயம் வராது. காலுக்கு மிதி எப்போதும் போலத்தான் இருக்கும். சமதரையில் வண்டி நிற்கவும் செய்யும். இறக்கத்தில் மிதித்து மிதித்து டிரம் சூடேறி விரியும்போதுதான், தளர்ந்த பிரேக் அதை எட்டிப் பிடிக்க முடியாமல் போகும். நிறுத்தி வைக்கும் பிரேக்கும் அதே திருகை நம்பித்தான் இருக்கிறது. பணிமனைக்குப் புதிதாக வந்தவர்களுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுத்ததே இதைத்தான். அன்றைக்கு எனக்கு அது ஞாபகம் வரவில்லை என்று இத்தனை நாளும் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

தளர்த்தியதும் கோடுகள் உடைந்தன. மண்ணெண்ணெய்த் துணியால் பழைய கோடுகளைத் துடைத்தேன். மாப்பிள்ளை கொடுத்த டப்பாவைத் திறந்து, அவர் கொடுத்த தூரிகையாலேயே புதிதாகப் போட்டேன். காய்ந்ததும் மேலே கொஞ்சம் புழுதி தடவினேன். கோடு நேராகத்தான் வந்தது.

மறுநாள் காலை குழந்தைக்கு உடம்பு சுட்டது. நான்தான் மகளைக் கூப்பிட்டுத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். “இந்தக் காய்ச்சலோடயா மலைக் குளிருக்குத் தூக்கிட்டுப் போறீங்க?” என்றேன். மகள் தயங்கினாள். மாப்பிள்ளைதான், “மாமா சொல்றது சரி. நான் முன்னாடி போய் சாமானை இறக்கி வெச்சுட்டு வந்து உங்களைக் கூட்டிட்டுப் போறேன்” என்றார். வழக்கம்போல அடியில் படுத்துப் பார்த்தார். முதுகைத் தட்டிக்கொண்டு எழுந்து, “கோடெல்லாம் நேரா இருக்கு மாமா” என்றார்.

“அப்போ தைரியமா போங்க மாப்பிள்ளை” என்றேன்.

அவர் திரும்பி வரவில்லை. மலை ஏறும்போது பிரேக்குக்கு வேலை கிடையாது. ஏறி முடித்து, அந்த ஊருக்கு இறங்கும் சாலையில்தான் அவர் அதைத் தேடியிருக்கிறார். எதிரே வந்தவர்களுக்கு வழி விட்டு, தடுப்புச் சுவரோடு உரசி உரசி நிறுத்தப் பார்த்திருக்கிறார் என்று, விபத்தை விசாரித்த நீங்கள்தான் சொன்னீர்கள். சுவர் முடிந்த இடத்தில் பஸ் உருண்டது. பழைய வண்டி, பிரேக் சூடேறிவிட்டது, யார் மேலும் தப்பில்லை என்றும் சொன்னீர்கள். அத்தோடு நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

மகள் இப்போது என்னோடுதான் இருக்கிறாள், குழந்தையும்தான். நான் ஆசைப்பட்டது அதுதானே. துக்கம் கேட்க வருகிறவர்களிடமெல்லாம், “அப்பா அன்னைக்குத் தடுக்கலன்னா நாங்க ரெண்டு பேரும் போய்ச் சேர்ந்திருப்போம். அப்பாதான் எங்களைக் காப்பாத்தினாரு” என்கிறாள். சொல்லிவிட்டு என் கையை எடுத்து மடியில் வைத்துக்கொள்கிறாள். நேற்று பக்கத்து வீட்டு அம்மா என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். எனக்கு உடம்பெல்லாம் கூசிவிட்டது. அதனால்தான் இன்று காலை நீங்கள் கூப்பிடாமலே வந்தேன்.

திரும்பி வர வேண்டும் என்றுதான் செய்தேன் என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தேன். உங்களிடமும் அதைத்தான் சொல்வதாக இருந்தேன். ஆனால் திரும்பி வந்துவிடும் வண்டி என்றால், மகளையும் பேரக்குழந்தையையும் அதில் ஏற்றி அனுப்புவதற்கு எனக்கு என்ன தடை? அன்று விடிந்ததிலிருந்து ஜன்னல்களைச் சாத்திவிட்டு, குழந்தையைக் கம்பளியில் சுற்றி, மடியில் வைத்து அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதற்குக் காய்ச்சல் இல்லை, ஐயா.