விதி எல்லாருக்கும் ஒண்ணுதான்

பரவால்ல தம்பி, ஓட்டுக் கேக்கப் போட்ட வெள்ளைக் கையுறையோடவே உக்காருங்க. எலெக்சன் முடியற வரைக்கும் அது கழலாதுன்னு எனக்குத் தெரியாதா. டீ குடிக்க மட்டும் ஒரு கையக் கழட்டிக்குங்க. வெளிய வண்டியில மைக்கப் புடிச்சு உங்க பேரக் கத்திக்கிட்டிருக்கே அந்தப் பொண்ணு, அதுக்கும் குடிக்க எதாவது அனுப்பறேன், தொண்டை கட்டிக்கப் போவுது.

ஓட்டப் பத்தி அப்பறம் பேசலாம். மறுபடி நகரசபைக்குப் போகணுமா, போங்க, யாரு வேணாங்கறா. கடையில ஆளே இல்ல, பாத்தீங்கல்ல. கொரோனாவுக்கு முன்னாடி இந்த நேரத்துல நிக்க எடம் இருக்காது. மூடச் சொன்னது நீங்கதானே. இல்லயில்ல, தப்பு. நீங்க மூடச் சொல்லல, வேண்டிக்கிட்டீங்க. இதே வாசல்ல நின்னு இடுப்பு வரைக்கும் குனிஞ்சு, அக்கா, இது உத்தரவு இல்ல, வேண்டுகோள்தான், கடைய மூடுன்னு கட்டளை போட நம்ம நாட்டுல சட்டம் இல்லன்னீங்க. எங்க வீட்டுக்காரரு அடுப்படியிலேருந்து கேட்டாரு, அப்ப தொறக்கலாமான்னு. தொறக்கலாம் கத்சுமி அண்ணே, ஆனா தெருவுல மத்தவங்க எல்லாம் மூடியிருக்காங்களேன்னு சொல்லிச் சிரிச்சீங்க. அவ்ளோதான், ஷட்டர் இறங்கிருச்சு. போலீசு வந்திருந்தாக்கூட அவ்ளோ சீக்கிரம் இறங்கியிருக்காது.

கோவமா? சேச்சே. அதுக்கெல்லாம் கோவப்பட்டா இந்த ஊருல குடும்பம் நடத்த முடியுமா. நாங்க நல்லாவே அடங்கியிருந்தோம். டோக்கியோவுலேருந்து பொண்ணு வரேன்னப்போ, வராதேன்னுட்டோம். வெளியூர் நம்பர் வண்டி வாசல்ல நின்னா அப்பறம் யாரு நம்மகிட்ட முகம் குடுத்துப் பேசுவா? அப்படி இருந்தும் அவருக்கு வந்துருச்சு. மீன் மார்க்கெட்டுல ஒட்டிக்கிச்சோ என்னமோ. ஆம்புலன்சுல ஏறும்போது, அடுப்ப அணைச்சியான்னு கேட்டாரு. கடையே மூடிக் கெடக்கு, எந்த அடுப்பு? அதான் அவரு நேர்ல பேசின கடைசிப் பேச்சு.

குடிங்க, ஆறுது.

அவரு போனதும் சுடுகாட்டு ஆபீசுலேருந்து போன் வந்துச்சு. நீங்க வர வேணாம், நாங்களே எரிச்சு எலும்பக் கொண்டாந்து தரோம்னாங்க. எரிக்கறதப் பாக்க வேணாம் தம்பி, எலும்பு எடுக்காம எப்படி? எங்க மாமியாருக்கு நானும் அவரும் எதிரெதிரா நின்னு, ஒரே எலும்ப ரெண்டு பேரு குச்சியாலயும் தூக்கி, பாதத்துலேருந்து ஆரம்பிச்சு குடத்துல வச்சோம், மனுஷி உள்ள நேரா உக்காரணுமில்ல. கடைசியா அந்த புத்தர் எலும்பு, கழுத்துல புத்தரு சம்மணம் போட்டு உக்காந்த மாதிரி இருக்குமே, அத எடுத்தப்ப அவரு காதோட சொன்னாரு, என்னோடத நீதான் எடுக்கணும், நூடுல்ஸ நழுவ விடற மாதிரி விட்டுராதடின்னு. அந்த எடத்துலயும் சிரிக்க வச்சுட்டாரு.

அதனாலதான் அன்னிக்கு உங்களுக்குப் போன் போட்டேன். நோய்த் தடுப்புக் குழுவுக்கு நீங்கதானே தலைவரு. மாஸ்க் மேல மாஸ்க் போட்டுக்கறேன், ரெயின்கோட் மாட்டிக்கறேன், ஒரு வார்த்தை சொல்லுங்க தம்பின்னு கெஞ்சினேன். அக்கா, விதி எல்லாருக்கும் ஒண்ணுதான், நானே நெனச்சாலும் முடியாதுன்னு சொல்லி நீங்களும் அழுதீங்க. நீங்க அழுததால நம்பிட்டேன். போன வச்சுட்டு, பாவம் இந்தப் புள்ள தலையில எவ்ளோ பாரம்னு உங்களுக்காக வருத்தப்பட்டேன், பாத்துக்குங்க.

சுடுகாட்டு ஆளுங்க எலும்புக் குடம் வச்ச பெட்டிய வாசப்படியில வச்சு, பெல்ல அடிச்சுட்டு, தள்ளிப் போயி நின்னாங்க. எந்த எலும்ப யாரு எடுத்தா, அவரு உள்ள நேரா உக்காந்திருக்காரா தலைகீழாக் கெடக்காரா, இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. தொறந்து பாக்கல. பயம்.

அப்பறமா பொண்ணு ஒரு வக்கீலக் கேட்டா. எலும்பு எடுக்கக் கூடாதுன்னு சட்டத்துல ஒரு வரிகூட இல்லையாம். அதுவும் வேண்டிக்கிட்டதுதானாம். சரி, தம்பிக்கும் தெரியாம இருந்திருக்கும்னு மனசத் தேத்திக்கிட்டேன். அப்பவும் உங்கள விட்டுக் குடுக்கல நான்.

எந்திரிக்காதீங்க, முடிச்சிடறேன்.

போன வாரம் உங்க தங்கச்சி சுமிரே சாப்பிட வந்தா. வெகுளிப் பொண்ணு. உங்கம்மா பேச்சு வந்துச்சு. அவங்களும் அதே நோயில, அதே ஆஸ்பத்திரியில, எங்க வீட்டுக்காரரு போயி அடுத்த வாரமே போனவங்கதானே. அவ சொல்றா, அம்மா புண்ணியவதி அக்கா, புத்தர் எலும்பு ஒடையாம முழுசா வந்துச்சு, அண்ணன்தான் தன் கையால எடுத்து வச்சாருன்னு. நான் அவ தட்டுல இன்னொரு எறா பஜ்ஜி வச்சேன். வேற என்ன செய்ய?

நீங்க எடுத்தது தப்புன்னு சொல்லல. பெத்த தாயி, எடுக்கத்தான் வேணும். ஆனா எங்கிட்ட அழுதீங்களே தம்பி, அதத்தான் தாங்க முடியல.

பெட்டி உள்ள சாமி மாடத்துலதான் இருக்கு. தொறந்து எலும்ப முறையா எடுத்து வைக்க ரெண்டு பேரு வேணும், பொண்ணு பயப்படறா. வாங்க. இந்தாங்க, குச்சி.