மல்லாட்டைக்கு ஜாடி

"ஜாடிக்காரத் தாத்தா, உங்க வூட்டுல ஊறுகா எதுல போடுவாங்க?"

தென்றல் என்ற அந்தக் குழந்தை என் லோடு ஆட்டோவின் பின்பலகையைப் பிடித்துக்கொண்டு இப்படிக் கேட்டது. ஆறு வயது இருக்கும். வேப்பூரைச் சுற்றியுள்ள ஊர்களில் எத்தனையோ வருடமாக வியாபாரம் செய்கிறேன். பெரியவர்கள் ஒருவருக்கும் அந்தக் கேள்வி தோன்றியதில்லை. "எங்க வூட்டுல ஊறுகாயே போடுறதில்ல கண்ணு" என்றேன். அது பொய். உண்மையைச் சொல்லச் சொல்கிறீர்கள் இன்ஸ்பெக்டர் ஐயா, அதனால் சின்னப் பொய்யிலிருந்தே தொடங்குகிறேன்.

என் பெயர் குருமூர்த்தி. விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறைகளில் கிளேஸ் கலக்கும் வேலை பார்த்தவன். பாண்டத்தை முக்கியெடுத்துச் சூளையில் வைத்தால் கண்ணாடி போல மின்னுமே, அந்தப் பூச்சுக்குத்தான் கிளேஸ் என்று பெயர். பட்டறை வேலையை விட்ட பிறகு ஊர் ஊராக ஜாடி கொண்டு போனேன். காசுக்கு விற்பதில்லை. பண்டத்துக்குப் பண்டம். அறுவடைக் காலத்தில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை. மற்ற நாளில் வரகு, புளி. எங்கள் ஊர்க் கோயில் பழமலைநாதரைக் கும்பிடாமல் வண்டியை எடுத்ததில்லை. அளவில் ஒரு பிடி கூடுதலாக வாங்கியதும் இல்லை.

பாலகிருஷ்ணன் என்ற காலேஜ் வாத்தியார் ஒருவர் ஒருநாள் முழுக்க என் வண்டியில் வந்தார். ஆயிரம் வருடத்துக்கு முன்னால் நம் ஊர்களில் இப்படித்தான் நெல்லைக் கொடுத்து உப்பும் எண்ணெயும் வாங்கினார்களாம். "அடுத்த அறுவடைக்கும் அதே ஊருக்கு வந்தாகணும் இல்லீங்களா, அதனால அந்த வியாபாரிங்க ஏமாத்த மாட்டாங்க" என்றார். என் கையைப் பிடித்துக் கும்பிட்டார். படித்தவர்களுக்கு எல்லாம் அழகாகத்தான் தெரியும். அடுத்த அறுவடைக்குள் வெளியே தெரியாத குறையை யாரும் ஏமாற்று என்று சொல்வதில்லை. இது அவருக்குத் தோன்றவில்லை.

ஜாடி பார்ப்பதில் இந்தப் பெண்களுக்கு ஒரு முறை உண்டு. விரல் கணுவால் தட்டிக் காதைச் சாய்ப்பார்கள். கணீரென்றால் விரிசல் இல்லை. பிறகு வெயிலில் திருப்பிப் பார்ப்பார்கள். முகம் தெரிந்தால் நல்ல ஜாடி. அவ்வளவுதான் அவர்கள் பரீட்சை. அதற்குள் பத்து தரம் பேரம், பத்து தரம் கேலி.

நான் முன்பு வேலை பார்த்த ஒரு பட்டறை மூடப்போனபோது, அங்கே பூச்சாடிக்கென்று செய்த சரக்கு தேங்கிக் கிடந்தது. அள்ளிக்கொண்டு போ என்றார்கள். அது ஈயம் கலந்த கிளேஸ். குறைந்த சூட்டிலேயே உருகும், எண்ணெய் தடவியது போல மின்னும். காகிதப் பூ வைக்கலாம், புளிப்பு வைக்கக் கூடாது. உப்பும் புளிப்பும் ஊற ஊற, பூச்சிலிருந்து ஈயம் விஷமாக இறங்கும். அதைக் கலக்கியவனே நான்தான். எனக்குத் தெரியாமல் இருக்குமா?

நல்ல ஜாடியும் வண்டியில் இருந்தது. பழுப்பு நிறம், மங்கல். தென்றலின் அம்மா ஜெயஸ்ரீ அதைப் பார்த்துச் சிரித்தாள்.

"இது என்னாண்ணா, எரும கழுவுன தண்ணி கலர்ல இருக்குது? இத உங்க பொண்டாட்டிக்குக் குடுங்க. அந்தப் பளபளன்னு இருக்குறத எறக்குங்க."

இறக்கினேன். என் மனைவியிடம் இருப்பது பழுப்பு ஜாடிதான். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தேன் ஐயா. தேர்ந்தெடுத்தது அவள்.

அடுத்த மல்லாட்டைக் காலத்தில் போனபோது குழந்தை வண்டியருகே வரவில்லை. வாசலில் சுருண்டு படுத்திருந்தது. நான் வெயிலில் நிற்பதைப் பார்த்து ஜெயஸ்ரீ மோர் கொண்டுவந்து கொடுத்தாள். இந்த ஊர்க்காரர்கள் அப்படித்தான், யார் எவர் என்று பார்க்காமல் கொடுப்பார்கள். புத்தி இருந்தால் கொடுப்பார்களா?

"வயிறு வலி வயிறு வலின்னு அழுவுதுண்ணா. ரத்தமே இல்லன்னு சொல்றாங்க. சோறு எறங்கல. ஜாடியில இருக்குற எலுமிச்ச ஊறுகாத் தண்ணிய நக்கிக்கிட்டுத்தான் கஞ்சி குடிக்குது. நாலு ஊரு சுத்துறவங்க நீங்க, எந்த டாக்டருகிட்ட காட்டலாம்?"

குழந்தையின் முகம் சுண்ணாம்பு போல வெளுத்திருந்தது. கிளேஸ் கொட்டகையில் என்னோடு வேலை பார்த்தவர்களுக்கு அதே வலி வந்து, அதே வெளுப்பைப் பார்த்திருக்கிறேன். ஒரு சொல் போதும், ஈயம் என்று. சொன்னால் ஜாடியைக் கொண்டுவந்து என் வண்டி முன்னால் போட்டு உடைப்பார்கள். பிறகு எல்லா ஊரும் உடைக்கும்.

"பூச்சியா இருக்கும்மா. குடிக்கிற கஞ்சியக் குடிக்கட்டும்" என்றேன்.

அவள் முகம் தெளிந்தது. இன்னொரு ஜாடி வேண்டும் என்றாள். குழந்தைக்கென்று மறுபடி எலுமிச்சை போட வேண்டுமாம். அன்று அந்தச் சரக்கு வண்டியில் தீர்ந்திருந்தது. "பரவாயில்லண்ணா, நீங்க எங்க ஓடிடப் போறீங்க?" என்று ஒரு மரக்கால் மல்லாட்டையை முன்னதாகவே என் சாக்கில் கொட்டினாள். அளக்கும்போது கடைசியில் ஒரு கை அள்ளிக் கூடப் போட்டாள். அதை நான் கேட்கவில்லை.

குழந்தை பிழைக்கவில்லை என்பதை நீங்கள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். புதுச்சேரி டாக்டர்கள் ஜாடியைக் கேட்டு வாங்கிச் சோதித்தார்கள் என்பதையும். தெரிந்துதான் கொடுத்தேனா என்று கேட்டீர்கள். ஆமாம், தெரிந்துதான் கொடுத்தேன். தெரிந்துதான் வாயை மூடிக்கொண்டேன். ஆனால் என்னை மோசக்காரன் என்று எழுதாதீர்கள்.

அவளிடம் மல்லாட்டை வாங்கிய அடுத்த வாரமே நான் அந்த ஊருக்குப் போனேன். வீடு பூட்டியிருந்தது. குழந்தைக்கு வலிப்பு வந்து புதுச்சேரிக்குத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள் என்று பக்கத்து வீட்டுப் பெண் சொல்லிவிட்டுக் கொல்லைக்குப் போய்விட்டாள். தெருவில் ஓர் ஆள் இல்லை. அப்படியே திரும்பியிருந்தால் யார் கேட்கப் போகிறார்கள்? அந்த வீட்டில் இப்போதுதான் தவழும் இன்னொரு குழந்தையும் இருக்கிறது. ஊறுகாய் போடாமல் இருக்க முடியாது. வண்டியில் பழுப்பு ஜாடியும் இருந்தது. அவள் கேட்டது அதையல்ல. இருப்பதிலேயே அதிகம் மின்னுவதைத் தேடியெடுத்து, துண்டால் துடைத்து, பல்லி விழாதபடி மூடி போட்டு, யாரும் பார்க்காமல் அவள் வாசலில் வைத்துவிட்டு வந்தேன். நான் யாருக்கும் பாக்கி வைத்தவனல்ல ஐயா.