ஈனாத எலியின் பால்

சுண்டெலிக்கு நாற்றம் கிடையாது, டாக்டரம்மா. நாறுவதெல்லாம் அதன் மூத்திரம்தான். கூண்டில் உமியை வேளாவேளைக்கு மாற்றிப் போட்டால், குளித்துவிட்டு வந்த பிள்ளை மாதிரி இருக்கும். கும்மிடிப்பூண்டி எஸ்டேட்டில் ஒரு மருந்து ஆராய்ச்சிக் கம்பெனியில் நான் செய்வது அந்த வேலைதான். "எங்க ஊட்டுக்காரரு எலிக்கு ஆயா வேலை பாக்குறாரு" என்று கிறிஸ்டினா எல்லோரிடமும் கேலி செய்வாள். உங்கள் வார்டில் கண் தெரியாமல் படுத்திருக்கிறாளே, என் மனைவி, அவளேதான்.

அவளுக்கு என்ன மருந்து கொடுத்தீர்கள் என்று நேற்றிலிருந்து கேட்கிறீர்கள். சொல்லிவிடுகிறேன். பாதியில் எழுந்து போகாமல் கேளுங்கள்.

எங்கள் பெண் குழந்தை பிறந்து ஒரு மாதம் ஆவதற்குள் காய்ச்சல் கண்டு போய்ச் சேர்ந்துவிட்டது. பிள்ளை போனாலும் பால் போகவில்லை. பக்கத்து வீட்டுப் பூமிகா புதுவாயல் கம்பெனிக்கு ஷிப்டு போகிறவள். அவளுடைய கைக்குழந்தையை வாங்கி மடியில் போட்டுக்கொண்டு கிறிஸ்டினா பால் கொடுத்தாள். அந்தப் பொடியனால்தான் என் வீட்டில் அடுப்பு எரிந்தது. என் முகத்தைப் பார்த்தால் செத்த பிள்ளையின் முகம் தெரிகிறதாம். அதனால் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டாள்.

பிறகு பால் வற்ற ஆரம்பித்தது.

"இன்னாங்க, இதுவும் நின்னுடும் போல கீது. நின்னுட்சின்னா இங்க எனக்கு இன்னா வேலை? கடம்பத்தூருக்கே போயிடறேன், எங்கம்மா ஊட்டுக்கு."

அவள் போய்விட்டால் நான் இருந்து என்ன பிரயோஜனம், சொல்லுங்கள்? எனக்கு வேறு யாரும் கிடையாது.

எங்கள் கம்பெனியில் ஒரு வரிசைக் கூண்டுகளில் ஆண் எலி பக்கமே போகாத பெட்டைகள் இருக்கின்றன. ஒருதரம்கூட ஈனாதவை. ஆனாலும் அவற்றுக்குப் பால் சுரக்கும். முதலில் பார்த்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த ஆராய்ச்சியைச் செய்கிற காயத்ரி மேடம்தான் விளக்கினார்கள். மூளைக்கு அடியில் பிட்யூட்டரி என்று ஒரு சுரப்பியாம். மருந்து கொடுத்து அதில் கட்டி வரவைக்கிறார்கள். அந்தக் கட்டி, பால் சுரக்கவைக்கும் ஹார்மோனை ஓயாமல் கொட்டுகிறது. அதை எப்படிச் சுருக்குவது என்பதுதான் அவர்களுடைய ஆராய்ச்சி. என் காதில் பால் என்ற சொல் மட்டும்தான் விழுந்தது.

எலிகளின் குடிதண்ணீரில் கலக்கும் மருந்து அது. புட்டியில் மிஞ்சுவதை அப்புறப்படுத்த வேண்டியது என் பொறுப்பு. நான் வீட்டுக்குக் கொண்டுவந்து கஞ்சியில் கலந்தேன். சத்து டானிக் என்றேன். கட்டியவன் சொன்னால் நம்பாமல் இருப்பாளா?

பால் வந்தது, டாக்டரம்மா. ஞாயிற்றுக்கிழமை சபையில் எழுந்து நின்று சாட்சி சொன்னாள்: "கர்த்தரு என் மார வத்த உடல." எல்லோரோடும் சேர்ந்து நானும் ஆமென் சொன்னேன். அன்றைக்கு வீடு திரும்பும் வழியில் என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

பிறகு நாள் தள்ளிப்போனது. "ஏங்க, வயித்துல கீதுன்னு நினைக்கிறேன்" என்றாள்; பூமிகாவிடம்கூடச் சொல்லிவிட்டாள். எப்படி இருக்கும்? பால் சுரக்கவைக்கிற அந்த ஹார்மோனே கருத்தரிக்கவும் விடாது; மேடம் அதையும் சொல்லியிருந்தார்கள். டெஸ்ட்டில் ஒற்றைக் கோடுதான் வந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு அவள் அழுதது இன்னும் என் நெஞ்சை அறுக்கிறது. அவள் அழுகிறாளே என்று கஞ்சியில் கொஞ்சம் சர்க்கரை கூடப் போட்டுக் கொடுத்தேன்.

தலைவலி வந்தது. "ஓரத்துல இன்னா கீதுன்னே தெரியல" என்றாள். எனக்குத் தெரியும். கட்டி பெருத்துக் கண் நரம்பை அழுத்தினால் எலி கூண்டுச் சுவரில் போய் முட்டிக்கொள்ளும். வெயில் என்று சொல்லி வைத்தேன். ஒருநாள் பக்கத்தில் தவழ்ந்துகொண்டிருந்த பூமிகாவின் பிள்ளை கண்ணில் படாமல், அதன் கைவிரலை மிதித்துவிட்டாள். அதோடு பூமிகா பிள்ளையைக் கொண்டுவருவதை விட்டுவிட்டாள். கிறிஸ்டினா ரவிக்கை நனைய நனைய வாசலையே பார்த்துக்கொண்டிருப்பாள், பாவம். குடிக்கப் பிள்ளை இல்லாத பால்.

அப்போதே நிறுத்தியிருக்கலாமே என்பீர்கள். தனியாக ரயில் ஏற முடியாதவளாக ஆகிவிட்டாள், டாக்டரம்மா. கடம்பத்தூர் பேச்சே எழவில்லை. கடைக்குப் போனாலும் என் கையைப் பிடித்துக்கொண்டுதான் வருவாள். கல்யாணம் ஆன புதிதில்கூட அப்படிப் பிடித்ததில்லை.

இப்போது அவளுடைய அம்மா வந்து கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். "ஆபரேசன் முடிஞ்சதும் எம் பொண்ண நான் இட்டுக்கினு போறேன்" என்கிறாள். கட்டியை எடுத்துவிட்டால் கண் கொஞ்சம் தெளியலாம் என்று நீங்கள் வேறு நம்பிக்கை கொடுத்திருக்கிறீர்கள்.

எப்போது நிறுத்தினாய் என்று கேட்கிறீர்கள். நான் எங்கே நிறுத்தினேன்? இன்று காலையும் கஞ்சியில் கலந்து, ஊதி ஆறவைத்து, நானே ஊட்டிவிட்டுத்தான் உங்களிடம் வந்தேன்.