ஒரு சாண் இடப்பக்கம்

வணக்கம் ஜாஸ்மின் மேடம். எங்கள் ஸ்னூக்கர் ஹாலுக்குக் கிழக்குப் பக்கம் ஜன்னல் என்பதால், வீடியோ எடுக்கக் காலை ஏழு மணிதான் வாகான நேரம். டியூப்லைட் போட்டால் மேசைத் துணி பளபளக்கும், பந்துக்கு இரண்டு நிழல் விழும். இதை முதலிலேயே உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும்.

நேற்று நீங்கள் அனுப்பிய மெசேஜைப் படித்தேன். கலைமதியின் பழைய வீடியோக்களைத் திரும்ப ஓட்டிப் பார்த்தபோது, மேசையின் நடுவில் உள்ள புள்ளிகள் ஒரே கோட்டில் தெரியவில்லை, ஃபோன் நகர்ந்திருக்கிறது, அதை வைத்தது யார் என்று கேட்டிருந்தீர்கள். கோயம்புத்தூரில் உட்கார்ந்துகொண்டு கையகலத் திரையில் இதைக் கண்டுபிடிப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. நல்ல கோச் நீங்கள். ஃபோனை வைத்தது நான்தான். அவள் கணவன், மாதவராஜ். ஆன்லைன் வகுப்பில் சில சமயம் அவளுக்குப் பின்னால் டீ டம்ளரோடு தெரிவேனே, அந்த ஆள்.

பாலக்கோட்டில் ஓர் உரக்கடைக்கு மேல்மாடியில் எங்கள் ஹால். இரண்டு ஸ்னூக்கர் மேசை. பதினாறு வருஷம் அங்கே என்னை யாரும் ஜெயித்ததில்லை. மாரண்டஹள்ளி, கடத்தூரிலிருந்தெல்லாம் பைக்கில் வந்து தோற்றுவிட்டு, மரியாதையாக வணக்கம் சொல்லிவிட்டுப் போவார்கள். கலைமதி ஒரு ரத்தப் பரிசோதனை லேப்பில் டெக்னீசியன். ஒன்பது மணிக்கு வேலை. அதற்கு முன்னால் ஹாலைக் கூட்ட வருவாள். அப்படி வந்தவள்தான் ஒருநாள் குச்சியைக் கையில் எடுத்தாள். பிறகு உங்கள் வகுப்பில் சேர்ந்தாள்.

பந்தைக் குழியில் போடுவது பாதி ஆட்டம்தான், குச்சியால் அடிக்கும் வெள்ளைப் பந்தை நினைத்த இடத்தில் நிறுத்துவதுதான் மீதி என்று நீங்கள் சொன்னதை வேதவாக்காக எடுத்துக்கொண்டாள். துணியின்மேல் ஒரு வெள்ளைத்தாளை விரித்து, வெள்ளைப் பந்து அதன்மேல் வந்து நிற்கும்வரை ஒரே அடியை ஐம்பது முறை அடிப்பாள். வகுப்பில் சேர்ந்த எட்டாவது மாதத்தில் தாளை நான்காக மடித்துப் போட்டாள். அதன்மேலும் நின்றது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பத்துப் பேர் பார்க்க என்னை ஜெயித்தாள். லாரி புக்கிங் ஆபீஸ் மாரப்பன், “மாதவண்ணா, இனி நாங்க அண்ணிகிட்டயே கத்துக்கறோமுங்க” என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன். தோற்றதற்காகத்தான் ஃபோனை நகர்த்தினேன் என்று நினைக்காதீர்கள். நான் அவ்வளவு அற்பன் இல்லை.

அடுத்த ஆட்டத்தில் கறுப்புப் பந்து மட்டும் மிச்சம். அவளுக்கு அது கைவந்த அடி. தவறவிட்டாள். நான் போட்டேன், ஜெயித்தேன், கைதட்டினார்கள். ஆனால் மேடம், எனக்கும் ஆட்டம் தெரியும். கறுப்பு குழியின் வாயில் வந்து நின்றது, வெள்ளை அதற்கு நேர் பின்னால், என் கைக்கு எட்டும் தூரத்தில் நின்றது. தெரியாமல் தவறவிடுகிறவர்களுக்கு வெள்ளைப் பந்து இவ்வளவு அழகாக நிற்காது. அன்று வீட்டில் சோறு போட்டுக்கொண்டே, “கடைசி பந்து எப்படியோ தவறிப் போச்சுங்க” என்றாள். என் முகம் வாடக்கூடாது என்று சொன்ன பொய். பதினெட்டு வருஷக் கல்யாண வாழ்க்கையில் என்னை யாரும் அப்படி அவமானப்படுத்தியதில்லை. அன்று அவளை மனமார வெறுத்தேன்.

மறுநாள் காலை அவள் குனிந்து குறி பார்க்கும்வரை காத்திருந்தேன். குனிந்துவிட்டால் பந்தைத் தவிர எதையும் பார்க்க மாட்டாள், நீங்கள் பழக்கியது. உங்களுக்கு அனுப்பும் வீடியோவுக்காக மேசையின் எதிர்முனையில் அவள் வைத்திருந்த ஃபோன் ஸ்டாண்டை ஒரு சாண் இடப்பக்கம் தள்ளி, கொஞ்சம் திருப்பி வைத்தேன். அவ்வளவுதான். குச்சி குறுக்கே போகிறது, தலையைச் சற்று நகர்த்துங்கள் என்று நீங்கள் எழுதினீர்கள். அடித்த பந்து நேராகத்தானே திரும்பி வருகிறது என்று அவள் கேட்டபோது, இரண்டு தப்பு ஒன்றையொன்று சரிக்கட்டுகிறது, போட்டியில் கைவிட்டுவிடும் என்று பொறுமையாக விளக்கினீர்கள். அருமையான விளக்கம். நானே பாதி நம்பிவிட்டேன்.

அவள் தலையை நகர்த்தினாள். வீடியோவில் நேரானது, மேசையில் கோணலானது. நான் மறுபடி ஸ்டாண்டை நகர்த்தினேன், நீங்கள் மறுபடி திருத்தினீர்கள். மூன்று மாதத்தில் கால் வைக்கும் இடம், தோள், தாடை எல்லாம் மாறிப்போயின. சென்னையில் மாநில அணிக்கான தேர்வில் முதல் சுற்றிலேயே வெளியே வந்தாள். பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து தூங்கினாள். போதும், இதோடு விட்டுவிடலாம் என்று சத்தியமாக நினைத்தேன். ஆனால் மறுநாள் காலை ஆறரைக்கே எழுந்து குச்சி முனையில் சாக்பீஸ் தேய்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த வருஷம் பார்த்துக்கலாமுங்க என்றாள். பாருங்கள், அவள் விட்டிருந்தால் நானும் விட்டிருப்பேன்.

அவள் பழகும் மேசையின் ஒரு காலடியில் உயரம் சரிசெய்யும் போல்ட் உண்டு. தினமும் விடியலில் அதை ஸ்பேனரால் கால் சுற்று திருப்புவேன், அவள் போனதும் பழையபடி வைப்பேன். மெதுவாக உருளும் பந்து கடைசி ஓர் அடியில் ஒதுங்கும். “பந்து இந்தப் பக்கம் போகுதுங்களே, உங்களுக்குத் தெரியலையா?” என்று கேட்பாள். நான் அவளையே கொஞ்ச நேரம் பார்ப்பேன். பிறகு, வுடு, பரவாயில்ல என்பேன். பொய் சொல்லவில்லை, கவனியுங்கள்.

கண்ணை ஒருமுறை டாக்டரிடம் காட்டுங்கள் என்று எழுதியது நீங்கள்தான். எனக்கு அது தோன்றியிருக்காது.

சேலத்தில் காட்டினோம். நரம்பு, பார்வை எல்லாம் சுத்தமாக இருக்கிறது என்றார் டாக்டர். அவளை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, என் மூக்குக் கண்ணாடி பவர் பற்றிக் கேட்க நான் மட்டும் திரும்ப உள்ளே போனேன். பத்து நிமிஷம் பேசினேன். வெளியே வந்து, குழாயில் முகம் கழுவிக்கொண்டு, ரிப்போர்ட்டை அவள் கையில் கொடுத்தேன். “ஒண்ணுமில்ல கலை. கண்ணு நல்லாத்தான் இருக்குதுன்னாரு” என்றேன். கையைப் பிடித்துக்கொண்டேன். நிஜ ரிப்போர்ட், நிஜமான வார்த்தை.

ஒன்றை நான் மறக்கவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு தக்காளி விவசாயிக்கு ரத்தத்தில் புற்றுநோய் என்று அவள் லேப்பில் தெரிந்தது. அப்பாவிடம் காட்ட நல்லபடியாக ஒரு பொய் ரிப்போர்ட் அடித்துக் கொடுங்கள் என்று மகன் கும்பிட்டான். அடித்துக் கொடுத்தாள். அன்றிரவு அவள் சாப்பிடவில்லை. நம் பக்கத்தில் பெரிய வியாதி என்றால் டாக்டர் வீட்டு ஆளைத் தனியாகத்தான் கூப்பிடுவார், வீட்டு ஆள் வெளியே வந்து ஒன்றுமில்லை என்றுதான் சொல்வார். அது அவளுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

ரிப்போர்ட்டை இரண்டு முறை படித்தாள். மடித்துப் பையில் வைத்தாள். வரும் வழியில் தொப்பூர் கணவாயில் பஸ் நின்று நின்று ஏறியது. முன்னால் ஊர்ந்த லாரிகளின் நம்பரை ஒவ்வொன்றாக உதட்டுக்குள் படித்துக்கொண்டே வந்தாள். எல்லாம் சரியாகப் படித்தாள்.

அடுத்த வாரம் லேப் வேலையை விட்டாள். “மைக்ராஸ்கோப்ல நான் தப்பா எண்ணிட்டா இன்னொருத்தர் உசுருங்க அது” என்றாள். குச்சியை உறையில் போட்டு பீரோவின்மேல் வைத்துவிட்டாள். நான் ஹாலில் மறுபடி நன்றாக ஆடுகிறேன். காலையில் இப்போது அவள் துப்பட்டாவைக் கண்ணில் கட்டிக்கொண்டு வீட்டுக்குள் நடந்து பழகுகிறாள். அடுப்படியிலிருந்து பாத்ரூமுக்குப் பதினோரு அடி. ஐம்பது முறை போய் வருகிறாள். நோட்டில் குறித்துக்கொள்கிறாள். நாற்காலி தடுக்காமல் ஓரமாக எடுத்துவைப்பது என் வேலை.

தினமும் நான் அவளிடம் சொல்கிறேன், உன் கண்ணுக்கு ஒன்றுமில்லை என்று. சொல்லாத நாள் இல்லை. அவள் என் தலையைத் தடவி, நீங்க மனச வுட்டுறாதீங்க என்கிறாள். யார் செய்திருந்தாலும் போலீஸுக்குப் போவேன் என்றும் எழுதியிருந்தீர்கள். தாராளமாகப் போங்கள். இந்தக் கடிதத்தையே அவளிடம் காட்டுங்கள். எனக்குத் தைரியம் வருவதற்காக இந்த மனுஷன் எல்லாப் பழியையும் தன்மேல் போட்டுக்கொண்டாரே என்று அழுவாள்.

ஞாயிற்றுக்கிழமை நேரில் வந்து அவளிடம் உண்மையைச் சொல்லப்போவதாக எழுதியிருக்கிறீர்கள். அவசியம் வாருங்கள், மதியச் சாப்பாடு நம் வீட்டில்தான். கண் நன்றாக இருக்கிறது என்று சொல்லுங்கள். கேட்டுக்கொண்டு சிரிப்பாள், உங்களுக்கு நன்றி சொல்வாள். நீங்கள் பஸ் ஏறியதும் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, இன்னும் எத்தனை மாசம் கண்ணு தெரியுமுன்னு மேடம்கிட்ட சொன்னீங்க என்று கேட்பாள்.