மூக்கில் ஒட்டிய மஞ்சள்

திருவொற்றியூரில் மின்சார ரயிலின் பெண்கள் பெட்டியில் ஏறி உட்கார்ந்தேன். காது கொடுக்கக் கூடாது என்றுதான் இருந்தேன். எதிரில் இருந்தவள் பக்கத்திலிருந்த தோழியிடம், "எங்க பூனைய கோயில் பூதான்க்கா கொன்னுச்சு" என்றாள்.

"இன்னாடி சொல்ற?"

"ஈஸ்டருக்குப் பீடத்துல வெச்ச லில்லித் தொட்டி. பூசை முடிஞ்சி ஆளுக்கு ஒண்ணு குடுத்தாங்க. மந்திரிச்ச பூவாச்சே, நல்லதுன்னு நடுவூட்ல வெச்சேன்."

"பூனை கடிச்சிச்சா?"

"மோந்துதான் பாத்திச்சு. மூக்கெல்லாம் அந்தப் பூவோட மஞ்சப்பொடி, அத்த நக்கிக்கினே இருந்திச்சு. அழகா கீதேன்னு போட்டோ எடுத்து, கப்பல்ல வேலை செய்ற பையனுக்கு அனுப்புனேன். மூணாம் நாளு செத்துப்போச்சு. அந்தப் பொடியே பூனைக்கு வெசமாம், கிட்னிய காலி பண்ணிடுமாம். டாக்டரு சொல்லித்தான் தெரியும்."

"பையனாண்ட சொன்னியா?"

"அவன் வளத்த பூனைக்கா. எப்டி சொல்றது? தெனம் பழைய போட்டோவா பாத்து அனுப்பிக்கினு கீறேன்."

விம்கோ நகரில் ரயில் நின்று கிளம்பியது.

"நேத்து கேக்கறான், அம்மா, அது மூக்குல மஞ்சளா ஒட்டிக்கினு இருந்துச்சே, தொடச்சி வுட்டியான்னு."

"நீ இன்னா சொன்ன?"

"தொடச்சிட்டேன்பான்னு சொன்னேன்."